கேஸ்கெட் மாற்றியும் நிற்காத எண்ணெய்க் கசிவு

தில்லி கிழக்குக் கிட்வாய் நகரில் பழைய அரசுக் குடியிருப்புகள் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. அக்குடியிருப்புக் காலத்து அம்பாசிடரையும் பிரீமியர் பத்மினியையும் பேணிவருவோர் தலைநகரில் இன்றும் உள்ளனர். புதிய கேஸ்கெட் போட்ட பின்னும் எஞ்சினுக்கடியில் எண்ணெய் சொட்டுகிறது என்பது அவர்கள் அடிக்கடி கூறும் குறை.

கேஸ்கெட்டைப் பழிக்குமுன் போல்ட்டைப் பார்த்தல் நலம். முறுக்க முறுக்க இறுகாமல் அது சுழன்றால், துளையின் மரை போய்விட்டது என்று பொருள். பத்மினியின் சிலிண்டர் ஹெட் போன்ற அலுமினிய வார்ப்புகளில் எஃகு போல்ட்டை அளவுமீறி முறுக்கினால், மென்மையான அலுமினிய மரையே முதலில் அறும். பிடிப்பிழந்த போல்ட் கேஸ்கெட்டை அழுத்தாது. அவ்விடத்தில் எண்ணெய் கசியும். கசிகிறதே என்று பக்கத்துப் போல்ட்டுகளை மேலும் முறுக்கினால் அவற்றின் மரையும் போகும். பசை பூசி அனுப்பும் பட்டறைகளும் உண்டு. அது சில நாள் தாங்கலாம், அவ்வளவே.

எஞ்சினையே மாற்றிவிடலாமே எனச் சிலர் எண்ணுவர். அதில் ஓர் இடர் உள்ளது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த காரைத் தொன்மை வாகனமாகப் பதிய முதற்கட்டணம் 20,000 ரூபாய். ஆயின் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெருமாற்றமின்றி மூலவடிவில் இருத்தல் வேண்டும். தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் வழக்கமான மோட்டார் காப்பீடு ஏற்காது என்பதையும் நினைவிற்கொள்க.

ஹெலிகாயில் எனப்படும் எஃகுக் கம்பிச் சுருளே தக்க தீர்வு. 8 மி.மீ. போல்ட்டுக்கு 8.3 மி.மீ. டிரில்லால் துளையைப் பெரிதாக்கி, அதற்குரிய டேப்பால் புது மரை வெட்டி, சுருளைத் திருகி இறக்குவர். சுருள் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நின்றதும் அதன் அடிநாக்கை முறித்து எடுத்துவிட வேண்டும். டிரில்லிலும் டேப்பிலும் கிரீஸ் தடவினால் உலோகத் துகள் எஞ்சினுள் விழாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். பழைய அளவுப் போல்ட்டே மீண்டும் பொருந்தும்; பிடிப்போ அலுமினிய மரையைவிட உறுதியானது. துளை சாயாமல் இடுவதே கைத்திறன். ஐயமிருப்பின் லேத் பட்டறையில் கொடுப்பதே நன்று.

அளவில் கவனம் தேவை. பத்மினியின் மரைகள் மில்லிமீட்டர் கணக்கு; அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. எஞ்சினில் அங்குலக் கணக்கு. ஒன்றன் போல்ட்டை மற்றதில் திணித்தல் கூடாது.

இறுதியாக, கைப்பேட்டில் குறித்த அளவுக்கே டார்க் ரெஞ்சால் முறுக்கி, எஞ்சினைத் துடைத்துச் சிறிது நேரம் ஓட்டி, இரவில் அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து வைத்துக் காலையில் பார்க்கலாம்.