அடுத்த நிலநடுக்கத்துக்குத் தயாராகும் டோக்கியோ

ஜப்பானின் தலைநகரான டோக்கியோவுக்கு அடியில் நிலத்தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகிக் கிடக்கின்றன. நகரம் உட்கார்ந்திருக்கும் தட்டுக்குக் கீழே பிலிப்பைன் கடல் தட்டும், அதற்கும் கீழே பசிபிக் தட்டும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த அழுத்தம் எப்போதாவது வெடித்துத்தான் தீரும். தலைநகரை ஒட்டிய பகுதியில் 30 ஆண்டுகளுக்குள் 7 அளவிலான நிலநடுக்கம் வருவதற்கு 70 சதவீத வாய்ப்பு உண்டு என்பது ஜப்பான் அரசின் ஆய்வுக்குழு சொல்லும் கணக்கு. நகரில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள். நிலநடுக்கத்தை நிறுத்த யாராலும் முடியாது. அது எந்த வழியில் உயிரைப் பறிக்கிறது என்று கண்டு, அந்த வழியை அடைக்க முடியும். டோக்கியோவின் திட்டங்கள் இந்த ஒரு எண்ணத்திலிருந்து கிளைத்தவை. ஒவ்வொரு பேரிடரும் ஒவ்வொரு விதமாகக் கொன்றது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் திட்டத்தில் புதிதாக ஒரு பகுதி சேர்ந்தது.

முதல் பாடத்தைத் தந்தது 1923 செப்டம்பர் 1. நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது 7.9 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. வீடுகளிலும் உணவுக்கடைகளிலும் மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். மரவீடுகள் சாய்ந்து அடுப்பின்மேல் விழுந்தன. அன்றைக்கென்று பலத்த காற்றும் வீசியது. குடிநீர்க் குழாய்கள் உடைந்துபோனதால் தீயணைப்பு வீரர்களுக்குத் தண்ணீர் இல்லை. இரண்டு நாள் எரிந்து, அன்றைய டோக்கியோ நகரில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் சாம்பலானது. மொத்தம் இறந்த சுமார் 1,05,000 பேரில் பத்துக்கு ஒன்பது பேர் தீயில் மாண்டவர்கள். சுமிதா ஆற்றின் கிழக்கே, ராணுவச் சீருடைக் கிடங்கு இருந்து காலியான ஒரு திடல் பாதுகாப்பானது என்று நம்பி மக்கள் மூட்டைமுடிச்சுகளோடு போய்க் குவிந்தார்கள். சுற்றிலும் எரிந்த நெருப்பு சூறாவளியாகச் சுழன்று திடலுக்குள் புகுந்தது. கொண்டுவந்திருந்த மெத்தைகளும் துணிமூட்டைகளும் பற்றிக்கொண்டன. அந்த ஒரே இடத்தில் சுமார் 38,000 பேர் இறந்தார்கள். இன்று அது யோகோஅமிச்சோ பூங்கா.

நெருப்போடு வதந்தியும் கொன்றது. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற பொய் பரவி, கும்பல்கள் ஆயிரக்கணக்கான கொரியர்களை அடித்துக் கொன்றன. அதில் ராணுவத்தினருக்கும் காவலர்களுக்கும்கூடப் பங்கு இருந்தது. இயற்கைக்கு இதில் எந்தப் பொறுப்பும் கிடையாது. பேரிடர் நேரத்தில் சரியான தகவலை உடனே மக்களிடம் சேர்ப்பது குடிநீருக்கு நிகரான தேவை என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

நிலநடுக்கத்துக்கு மறுநாள் உள்துறை அமைச்சரான கோதோ ஷிம்பெய், அதற்கு முன்பு டோக்கியோவின் மேயராக இருந்தவர். நகரை அடியோடு மாற்றிக் கட்ட அவர் பெரிய திட்டம் ஒன்றைப் போட்டார். நிதியை நாடாளுமன்றம் வெட்டிவிட்டது. மிஞ்சியதில் நடந்தவையும் குறைவல்ல. தீ தாண்ட முடியாத அகலத்தில் சாலைகள் போடப்பட்டன. சுமிதா ஆற்றுக்கு இரும்புப் பாலங்கள் வந்தன. மூன்று பெரிய பூங்காக்களும் 52 சிறு பூங்காக்களும் உருவாயின. சிறு பூங்காக்களைத் தொடக்கப் பள்ளிகளை ஒட்டியே அமைத்தார்கள். பள்ளிகளையும் கான்கிரீட்டில் எழுப்பினார்கள். எரியாத கட்டடமும் அதன் பக்கத்தில் ஒரு வெட்டவெளியும் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடு நூறு ஆண்டு கழித்தும் பயன்படுகிறது. இன்றைக்கும் அக்கம்பக்கத்தார் தஞ்சம் புகும் இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான்.

நெருப்பை மதில் கட்டித் தடுக்கும் முயற்சியும் நடந்தது. சுமிதா வட்டத்தில் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றை ஒட்டி, சுமார் 40 மீட்டர் உயரமுள்ள 18 அடுக்குமாடிக் கட்டடங்கள் 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாக நிற்கின்றன. பெயர் ஷிராஹிகே-ஹிகாஷி. 1970களில் தொடங்கிக் கட்டியவை. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் குடியிருப்புதான். ஆனால் மாடங்களில் இரும்பு ஷட்டர்கள் உண்டு. கட்டடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் பெரிய கதவுகள் உண்டு. கிழக்கே மரவீடுகள் பற்றிக்கொண்டால், மக்கள் உள்ளே வந்ததும் கதவுகளை மூடிவிடலாம். பூங்காவில் தங்குபவர்களுக்கும் நெருப்புக்கும் நடுவே குடியிருப்பே தடுப்புச் சுவராகிவிடும்.

இப்படிப்பட்ட சுவர்களை நகரமெங்கும் எழுப்ப முடியாது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கம் இன்னொரு குறையைக் காட்டியது. விடிவதற்கு முன், காலை 5.46 மணி, ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. இறந்த 6,434 பேரில் பெரும்பாலோர் சொந்த வீட்டின் கூரைக்கும் சுவருக்கும் அடியில் நசுங்கி மாண்டவர்கள். 1981இல் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்ட பிறகு எழுந்த வீடுகள் பெரும்பாலும் தாங்கின. அதற்கு முந்தியவை சரிந்தன. இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீண்டவர்களில் மிகப் பலரை வெளியே இழுத்தவர்கள் வீட்டாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். பழைய வீடுகளைச் சோதித்து வலுப்படுத்த அதே ஆண்டில் தனிச்சட்டம் வந்தது. அதன்கீழ் நடக்கும் வேலை பகட்டானதல்ல. வீட்டின் மரச்சட்டகத்துக்குக் குறுக்கே சாய்வுக்கட்டை கொடுப்பது, தூண் அடித்தளத்தில் சேரும் இடத்தில் இரும்புப் பட்டை இறுக்குவது, கனமான ஓட்டை எடுத்துவிட்டு எடை குறைந்த கூரை போடுவது போன்றவைதான். நகராட்சிகள் செலவில் ஒரு பங்கைத் தருகின்றன. அலமாரியைச் சுவரோடு சேர்த்து எல் வடிவப் பட்டையால் திருகச் சொல்லும் அறிவுரையும் இதே வகைதான். நிலநடுக்கத்தில் காயம்படுகிறவர்களில் கணிசமானோர் மேசை நாற்காலி அலமாரி விழுந்து அடிபட்டவர்களே.

டோக்கியோ இன்றும் திணறும் இடம், நகர மையத்தைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் நெருக்கமான மரவீட்டுப் பகுதிகள். போருக்குப் பிந்திய அவசரத்தில் கட்டியவை அதிகம். சந்துகளில் தீயணைப்பு வண்டி நுழையாது. வீடுகளை இடித்துக் கட்டலாமே என்றால், அங்கே ஒரு சிக்கல். மனைக்கு முன்னால் உள்ள பாதை 4 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின் விதி. பாதை அதைவிடக் குறுகல் என்றால், புதிதாகக் கட்டுகிறவர் பாதையின் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் உள்ளே தள்ளித்தான் சுவர் எழுப்ப வேண்டும். ஏற்கெனவே கையகல மனை. அதிலும் ஒரு பங்கு பாதைக்குப் போய்விட்டால் மிச்சத்தில் என்ன கட்டுவது? பல இடங்களில் நிலம் ஒருவருடையது, வீடு வேறொருவருடையது. குடியிருப்பவரோ எழுபது எண்பது வயதைத் தாண்டியவர். அதனால் பழைய வீடு அப்படியே நிற்கிறது. இதை உடைக்கத்தான் 2012 முதல் சில பகுதிகளைத் தனியே தேர்ந்தெடுத்து, இடிக்கும் செலவுக்கு உதவி, புதிதாகக் கட்டிய வீட்டுக்கு ஐந்து ஆண்டு வரை வரிச்சலுகை என்று மாநகர அரசு இறங்கியது. இது கடினமான வேலை. ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் தனித்தனியே பேசி முடிக்க வேண்டும்.

பலன் தெரிகிறது. பெரிய நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும் என்று மாநகர அரசு அவ்வப்போது கணக்கிட்டு வெளியிடுகிறது. 2012இல் மிக மோசமான நிலையில் சுமார் 9,700 பேர் இறக்கலாம் என்றது. 2022இல் அந்த எண் 6,148 ஆகக் குறைந்தது. மரவீட்டு நெருக்கடிப் பகுதிகளின் பரப்பு 16,000 ஹெக்டேரிலிருந்து 8,600 ஆகச் சுருங்கியதும், வலுவான வீடுகள் பெருகியதும் இதற்குக் காரணம். ஒரு நகரம் தன் குடிமக்களில் எத்தனை பேர் சாகக்கூடும் என்று அச்சிட்டுத் தருவது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் அந்த எண் இல்லாவிட்டால் பணத்தை எங்கே போடுவது என்பதும், போட்ட பணம் வேலை செய்ததா என்பதும் யாருக்கும் தெரியாது.

மரவீட்டுப் பகுதிகளில் மக்களே கண்ட வழியும் ஒன்று உண்டு. சுமிதா வட்டத்தின் முகோஜிமா சந்துகளில் ‘ரோஜிசோன்’ என்ற அமைப்பைக் காணலாம். பக்கத்து வீட்டுக் கூரையில் விழும் மழைநீர் குழாய்வழி நிலத்தடித் தொட்டிக்கு இறங்குகிறது. மேலே ஒரு அடிபம்பு. மற்ற நாட்களில் அந்தத் தண்ணீர் சந்தில் வைத்திருக்கும் பூந்தொட்டிகளுக்கு. குழாய் உடைந்து தீ பிடித்தால் முதல் வாளித் தண்ணீர் அங்கிருந்து வரும். மின்சாரமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். தினமும் கைபடுவதால் பம்பு துருப்பிடித்துக் கிடப்பதும் இல்லை. பேரிடருக்கென்றே வாங்கிப் பூட்டிவைக்கும் கருவிகளுக்கு இந்த நல்வாய்ப்பு கிடைப்பதில்லை.

2011 மார்ச் 11 அன்று வடகிழக்கே 9.0 அளவில் கடலடி குலுங்கியபோது டோக்கியோவின் கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. நின்றுபோனவை ரயில்கள். தலைநகரமும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களும் சேர்ந்து 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அன்றிரவு வீடு திரும்ப முடியாமல் தவித்தார்கள். நடந்தவர்களாலும் கார்களாலும் சாலைகள் திணறின. நகரின் நடுவிலேயே நிலநடுக்கம் வந்திருந்தால் இடிபாடுகளும் தீயும் உள்ள தெருக்களில் அந்தக் கூட்டம் மாட்டியிருக்கும். ஆம்புலன்ஸுக்கும் வழி இருந்திருக்காது. 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாநகரச் சட்டம், பணியாளர்களை உடனே கிளம்பவிடாமல் மூன்று நாள் தங்கவைக்க முயல வேண்டும் என்று நிறுவனங்களைக் கேட்கிறது. ஆளுக்கு 9 லிட்டர் தண்ணீர், ஒன்பது வேளை உணவு, ஒரு போர்வை என்பது இருப்பின் அளவு. பிள்ளை எங்கே, பெற்றோர் எங்கே என்று தெரியாமல் யாரும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் அல்லவா? அதற்காக 171 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. ஒருவர் தன் நிலையைப் பேசிப் பதிவுசெய்தால், அவரது எண்ணைத் தெரிந்த குடும்பத்தார் எங்கிருந்தும் கேட்கலாம்.

சில வினாடிகளில் முடிகிற வேலைகள் மனிதர்களை நம்பி இல்லை. நிலநடுக்கத்தில் வேகமாக வரும் முதல் அலை பலவீனமானது; கட்டடத்தைச் சாய்க்கும் அலை பின்னால் வரும். முதல் அலையைக் கருவிகள் உணர்ந்ததும் வானிலை ஆய்வு நிறுவனம் கைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் எச்சரிக்கை அனுப்புகிறது. 2007 முதல் இது பொதுமக்களுக்குக் கிடைக்கிறது. மையம் தொலைவில் இருந்தால் சில வினாடி முதல் சில பத்து வினாடி வரை அவகாசம் கிடைக்கும்; காலடியிலேயே என்றால் ஒன்றும் கிடைக்காது. வீட்டு கேஸ் மீட்டர் பலத்த அதிர்வில் தானாகவே அடைத்துக்கொள்ளும். 1923இன் அடுப்புக்கு இது நேரடியான பதில்.

டோக்கியோவை மிரட்டுவது நிலநடுக்கம் மட்டுமல்ல. வெள்ளத்துக்கும் தனித் திட்டங்கள் உண்டு. ஏழாம் வட்டச்சாலைக்கு அடியில் 12.5 மீட்டர் விட்டமும் 4.5 கிலோமீட்டர் நீளமும் கொண்ட சுரங்கம் 5,40,000 கன மீட்டர் மழைவெள்ளத்தைத் தேக்கிவைக்கும். வடக்கே சைதாமா மாவட்டத்தில், 50 மீட்டர் ஆழத்தில் ஓடும் 6.3 கிலோமீட்டர் சுரங்கம் சிற்றாறுகளின் வெள்ளத்தை வாங்கி எதோகாவா ஆற்றுக்கு அனுப்புகிறது. அதன் முடிவிலுள்ள தொட்டியில் ஒவ்வொன்றும் 500 டன் எடையுள்ள 59 தூண்கள் நிற்கின்றன. உலகெங்கும் படமெடுத்துப் போடப்படுவது இதுதான்.

ஆனால் கிழக்கு டோக்கியோவின் ஆபத்து சுரங்கத்துக்கு அடங்காது. தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் அங்கே பெரும் பகுதி கடல்மட்டத்துக்கும் கீழே தாழ்ந்துவிட்டது. அரகாவா ஆற்றின் கரை உடைந்தால் சில இடங்களில் இரண்டு வாரம் வரை தண்ணீர் வடியாது. சுமிதா, கோதோ, அதாச்சி, கத்சுஷிகா, எதோகாவா ஆகிய ஐந்து வட்டங்களும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட திட்டம், பெரும்புயல் வருமுன் 25 லட்சம் பேர் பகுதியை விட்டே வெளியேற வேண்டும் என்றது. எதோகாவா வட்டத்தின் 2019ஆம் ஆண்டு வெள்ள வரைபடத்தின் அட்டையிலேயே, இங்கே இருக்கக் கூடாது என்று அச்சடித்திருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்தது. ரயில் நிறுவனங்கள் முன்கூட்டியே சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டதால், அத்தனை பேரை வெளியேறச் சொல்லவே வழியில்லாமல் போனது. கரை உடையாததால் ஊர் தப்பியது.

அதற்குப் பிறகு ஒரே இடத்துக்கு எல்லோரும் என்ற எண்ணம் தளர்ந்தது. உறவினர் வீடு, விடுதி, தண்ணீர் எட்டாத மேல்தளம் என்று ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய இடத்தை முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். புயலுக்கு மூன்று நாள் முன்பு என்ன செய்வது, முந்தின நாள் என்ன செய்வது, பாட்டியை யார் அழைத்துப்போவது, மாத்திரைகளை யார் எடுத்துவைப்பது என்று குடும்பமே உட்கார்ந்து நிரப்பும் ‘என் கால அட்டவணை’ என்ற தாளை மாநகர அரசு அச்சிட்டுத் தருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதை நிரப்பக் கற்றுத்தருகிறார்கள்.