கண்ணில்லாத இயந்திரத்தின் கணக்கு

கோவை கணபதியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். டிப்ளமோ முடித்த மகன், ஜாப் ஒர்க் செய்யும் பட்டறை ஒன்றில் சேர்ந்திருக்கிறானாம். வீட்டுக்கு வந்தால் ஜீரோ, ஆஃப்செட், பேக்லாஷ் என்றே பேச்சாம். "எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்ளும் என்றுதானே சிஎன்சி வாங்குகிறார்கள்? பிறகு இவன் நாள் முழுக்க எதைச் சரிசெய்துகொண்டிருக்கிறான்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. பெரும்பாலான சிஎன்சி இயந்திரங்களுக்கு டூலின் முனை எங்கே இருக்கிறது என்று தெரியாது. சக்கில் பிடித்திருக்கும் ஜாப், அதாவது வெட்ட வேண்டிய துண்டு, எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தம் திருகு எத்தனை சுற்று சுற்றியது. ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகர்த்தும் திருகு, அதைச் சுழற்றும் மோட்டாரின் வாலில் சுற்றுக்கு 10,000 துடிப்பு தரும் என்கோடர் என்றால், ஒரு துடிப்புக்கு ஒரு மைக்ரான். இயந்திரம் துடிப்புகளை எண்ணுகிறது. மற்றதெல்லாம் நாம் சொல்லி அது நம்பும் விஷயம்.

நள்ளிரவில் மின்சாரம் போய்விட்டது என்று வையுங்கள். கும்மிருட்டில் அடிகளை எண்ணியபடி, தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போகிறீர்கள். எண்ணத் தொடங்கும் கட்டில் கால்தான் பட்டறையில் ஜீரோ; ஜாப்பின் எந்த மூலையிலிருந்து அளக்க வேண்டும் என்று ஜி 54 என்ற பெயரில் செட்டர் பதிந்துவைக்கும் புள்ளி. பகலில் யாரோ கட்டிலை ஓரடி நகர்த்திப் போட்டிருந்தால், எண்ணிக்கை பிசகாமலே சுவரில் முட்டிக்கொள்வீர்கள். கையில் ஊன்றுகோல் இருந்தால் அதன் நீளத்தையும் கழிக்க வேண்டும். அதுதான் டூல் ஆஃப்செட். டூலுக்கு டூல் நீளம் வேறு, தேயத் தேய அதுவும் மாறும். வாசகரின் மகன் திருத்திக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான். காலியான கூடத்தை விறுவிறுவென்று கடப்பது ஜி 00; அடுப்படிக்குள் நிதானமாகக் கால் வைப்பது ஜி 01. கூடத்தின் நடுவே பூனை படுத்திருந்தால் என்ன ஆகும் என்பதை, கிளாம்ப்பில் டூலை மோதவிட்ட ஆபரேட்டர்கள் அறிவார்கள். இப்போது காலில் சற்றே பெரிய செருப்பு. முன்னால் போகும்வரை தொல்லையில்லை. திரும்பும்போது, கால் செருப்புக்குள் கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் செருப்பு நகரும். அடிகளை எண்ணும் மனத்துக்கு அந்த இழப்பு தெரியாது. அதுதான் பேக்லாஷ்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வளைவுகளைத் துல்லியமாக வெட்ட வழி தேடிய அமெரிக்கர் ஜான் பார்சன்ஸ், எண்களைக் கொண்டே இயந்திரத்தை நகர்த்தும் யோசனையை 1940களின் இறுதியில் முன்வைத்தார். அமெரிக்க விமானப்படை பணம் தந்தது, எம்.ஐ.டி. ஆய்வகம் 1952-இல் துளையிட்ட நாடாவால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. நாடா போய்க் கம்ப்யூட்டர் வந்ததும் 'என்சி' என்ற பெயரின் முன் 'சி' சேர்ந்தது.

எனக்குச் சலிக்காத பகுதி அந்தத் திருகு. பழைய லேத்தில் திருகின் புரியும் நட்டின் புரியும் உரசி நகரும். உரசலுக்கு இடைவெளி வேண்டும். இல்லாமல் இறுக்கினால் சிக்கிக்கொள்ளும். அதனால் கைதேர்ந்த டர்னர் எப்போதும் ஒரே பக்கமிருந்துதான் அளவுக்கு வருவார். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் இழுத்து மறுபடி முன்னால் வருவார். வளைவு வெட்டும் சிஎன்சிக்கு அந்த வசதியில்லை. ஓடும்போதே அது திசை மாற வேண்டும்.

அதனால் அதற்குள் இருப்பது பால் ஸ்குரூ என்ற வேறு வகைத் திருகு. அதில் இரண்டு புரிகளும் தொடுவதே இல்லை. நடுவே எஃகுக் குண்டுகள் வரிசையாக உருள்கின்றன. நட்டின் ஒரு முனையை எட்டிய குண்டு ஒரு சிறு குழாய்க்குள் ஏறி, தொடங்கிய இடத்துக்கே வந்து மறுபடி புரிக்குள் இறங்கும். உரசுவதை இறுக்கினால் நின்றுபோகும். உருளுவதை இறுக்கினாலும் ஓடும். இதைப் பயன்படுத்தி, ஒரே திருகில் இரண்டு நட்டுகளைப் போட்டு, நடுவே ஒரு வளையத்தைச் செருகி, இரண்டையும் எதிரெதிராகத் தள்ளிவைக்கிறார்கள். ஒன்றின் குண்டுகள் புரியின் இடச்சரிவில் அழுந்தும், மற்றதன் குண்டுகள் வலச்சரிவில். எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கே ஏற்கெனவே ஒரு வரிசை தொட்டுக்கொண்டிருக்கும். செருப்பு இறுகிவிட்டது, காலும் நோகவில்லை! இந்த முன்னழுத்தத்தைத்தான் ப்ரீலோடு என்கிறார்கள். உராய்வு எவ்வளவு குறைவு என்றால், செங்குத்து அச்சில் மோட்டாருக்கு மின்சாரம் நின்றதும் ஸ்பிண்டில் தலை தன் எடையாலேயே திருகைச் சுழற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடும். அதற்கென்றே அங்கே ஒரு பிரேக் இருக்கிறது.

ப்ரீலோடு தளர்ந்தால் வட்டம் காட்டிக்கொடுக்கும். வட்டம் வெட்டும்போது எக்ஸ், ஒய் அச்சுகள் சேர்ந்து நகர்கின்றன. கடிகார முகப்பில் 3 மணி, 9 மணி இருக்கும் இடங்களில் எக்ஸ் அச்சு நின்று திரும்புகிறது. 12, 6 மணியில் ஒய் அச்சு. திரும்பும் அச்சு இடைவெளியைக் கடக்கும் கணத்தில் மற்றது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதால், வட்டத்தில் சரியாக அந்த இடங்களில் சிறு தழும்பு விழும். கன்ட்ரோலில் பேக்லாஷ் எண்ணைக் கூட்டிப் போட்டால், திரும்பும்போது சில துடிப்புகள் அதிகம் கொடுத்து மழுப்பலாம். ஆனால் இடைவெளி அப்படியேதான் இருக்கும். கட்டர் இழுக்கிற பக்கம் மேசை அதற்குள் ஆடும். திருகும் தாங்கியும் சரியில்லாத இயந்திரத்தை எண்ணால் குணப்படுத்த முடியாது.

இந்த இடத்தில்தான் 'ஒரு மைக்ரான் துல்லியம்' என்ற விளம்பரம் எனக்குக் கசக்கிறது. திரையில் மூன்றாவது தசமம் தெரிவது, எண்ணத் தெரியும் என்பதற்குச் சாட்சி. போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 11 மைக்ரான் நீளும். அரை மீட்டர்த் திருகு ஓடி ஓடி 5 டிகிரி சூடேறினால் 27 மைக்ரான் போயிற்று. என்கோடருக்கு அது தெரியவே தெரியாது. காலையில் முதல் ஜாப்புக்கு முன் இயந்திரத்தைச் சும்மா ஓடவிடுவது இதற்காகத்தான். விலை கூடிய இயந்திரங்களில் மேசையோடு கண்ணாடி அளவுகோலைப் பொருத்தி உண்மையான இடத்தையே படிக்கிறார்கள். அவற்றைப் பற்றி இந்தப் புகாரில் பாதி எழாது. 'ஏஐ சிஎன்சி' என்று இப்போது விற்கப்படுவதும் பெரும்பாலும் இதே திருகின் மேல்தான் ஓடுகிறது.

பயிற்சியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜி கோட் பட்டியலை மனப்பாடம் செய்யும் முன், டயல் கேஜின் காந்த அடியை ஸ்பிண்டில் தலையில் ஒட்டி, அதன் முனையை மேசையோரம் தொடவிடுங்கள். கைச்சக்கரத்தால் ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி, டயலைச் சுழியத்தில் வையுங்கள். அதே பக்கம் இன்னும் 0.1 மி.மீ. போய், அதே 0.1 திரும்பி வாருங்கள். முள் சுழியத்துக்கு எவ்வளவு குறைவாக வந்து நிற்கிறதோ அவ்வளவு பேக்லாஷ். மூன்று அச்சுகளுக்கும் செய்து, எண்களை நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.