ஒப்பாரியும் அசைபோடலும்

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ராவை ஒட்டிக் கடலடி அதிர்ந்தது. அலை கடலூர்க் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் தேவனாம்பட்டினத்துக்கோ, அண்ணாமலை நகருக்குக் கிழக்கே கிள்ளைப் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டுக்கோ எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. மாவட்டத்தில் செத்தவர்கள் 600க்கும் மேல்.

ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குள் ஓடக்கூடிய வாக்கியம் வேறு: 'நான் ஏன் கைய விட்டேன்?' அரசைப் பார்த்துக் கேட்க வேண்டிய 'ஏன்' உள்ளே திரும்பித் தன்னையே குத்துகிறது. துக்கத்தையும் மெலங்கோலியாவையும் 1917இல் பிராய்ட் பிரித்துக் காட்டியபோது, இந்தத் தன்பழியைத்தான் முக்கிய வேறுபாடாகக் கண்டார்.

ஒப்பாரியும் சொன்னதையே சொல்வதுதானே? ஆமாம். ஆனால் அதைக் கேட்க ஆளிருக்கிறது, சேர்ந்தழக் கூட்டமிருக்கிறது, முடிவும் இருக்கிறது. அசைபோடலுக்கு இவை ஒன்றும் கிடையாது. 1989 கலிபோர்னியா நிலநடுக்கத்துக்கு முன்பே அசைபோடும் பழக்கமிருந்த மாணவர்கள் பின்பு கூடுதலாகச் சோர்ந்துபோனதை சூசன் நோலன்-ஹோக்ஸெமா கண்டார். யோசிப்பது போன்ற தோற்றம்தான் இதன் ஏமாற்று. யோசனை ஒரு செயலில் போய் முடியும். இது செக்குமாடாகச் சுற்றும்.

ஏன் விட முடிவதில்லை? அன்னா பிராய்ட் 1936இல் தொகுத்த மனத் தற்காப்புகளில் தன்னையே தாக்குவதும் ஒன்று. 'என் தப்பு' என்பதில் ஒரு வினோத ஆறுதல் உண்டு: தப்பு என்னுடையது என்றால், தடுப்பதும் என் கையில் இருந்தது என்றாகிறது. கடலுக்கு முன் கையறு நிலையில் நின்றதை ஒப்புக்கொள்வதைவிட இது தாங்கக்கூடியது. அதனால்தான் 'அதையே நினைக்காதே' என்ற புத்திமதி பலிப்பதில்லை. அது கவசத்தைப் பறிக்கிறது. மாற்று எதுவும் தருவதில்லை. அடக்கிய நினைப்பு முன்னைவிட வேகமாகத் திரும்புவதை டேனியல் வெக்னர் 1987இல் சோதித்தே காட்டினார்.

'இதெல்லாம் குட்டி பூர்ஷ்வா சமாச்சாரம், போராட்டத்துக்கு வா, சரியாயிடும்' என்கிற நம் தோழர்கள் கையாள்வதும் ஒரு தற்காப்புதான்: வலியைக் கோட்பாடாக்கித் தள்ளி வைப்பது. தூக்கமும் சோறும் வாரக்கணக்கில் போனால் மருத்துவர் வேண்டும், கூட்டம் போதாது.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது நம்மால் முடியும். 'நான் ஏன்' என்பது 'என்ன நடந்தது, யார் சொல்லவில்லை, நாளைக்கு என்ன செய்ய' என்று மாறும்வரை கேட்பது. அந்தக் கேள்விகளுக்குப் பதில் உண்டு.