ஒரு தேக்கரண்டிப் பயம்

கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்த நண்பன், கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவே ஒரு லேகிய டப்பாவை ஒளித்து வைத்திருந்தான். காலையும் இரவும் நெல்லிக்காய் அளவு எடுத்து, யாரும் பார்க்காதபோது விழுங்குவான். அதன் மேல் ஒரு டம்ளர் பால். கேட்டால் வயிற்றுப் புண்ணுக்கு என்பான். இரண்டு மாதம் மெஸ் பணம் கட்டவில்லை என்று வார்டன் கூப்பிட்டு விசாரித்தார். அன்று இரவுதான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னான். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் ‘பரம்பரை வைத்தியர்’ ஒருவரிடம் போயிருக்கிறான். அவர் நாடி பிடித்தார். “கைப்பழக்கம் உண்டா?” என்று கேட்டார். இவன் தலையைக் குனிந்ததும், “நரம்பெல்லாம் தளர்ந்து போச்சு தம்பி. இப்படியே விட்டா கல்யாணம் பண்ண முடியாது” என்றார். மெஸ் பணம் அங்கேதான் போயிற்று.

அவனுக்கு அப்போது வயது 19. அவன் பயந்த கோளாறு எதுவும் அவன் உடம்பில் இல்லை. ஆனாலும் அவன் நடிக்கவில்லை. இரவில் தூக்கம் வரவில்லை, புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மனதில் ஏறவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பரீட்சைத் தாளை வாங்கும்போது கை நடுங்கியது. இவ்வளவும் உண்மை. அவற்றுக்கு அவன் கற்பித்துக்கொண்ட காரணம் மட்டும்தான் பொய்.

இந்தத் துன்பத்துக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் 1960இல் இதை விவரித்து ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டார். நமக்குத் தெரிந்த ‘தாது’ என்ற சொல்தான் அது. விந்து வீணாகிறது, அதனால் உடம்பு உருகுகிறது என்ற நம்பிக்கை. அதோடு சேர்ந்த அசதி, படபடப்பு, குற்ற உணர்ச்சி, தூக்கமின்மை. இந்தத் தொகுப்பு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பிலும் இடம்பெற்றது. பெரும்பாலும் கல்யாணம் ஆகாத, அல்லது புதிதாகக் கல்யாணமான இளைஞர்களைப் பிடிப்பது. இலங்கைச் சிங்களவரிடையே ‘பிரமேகம்’ என்றும், சீனத்தில் ‘ஷென்குய்’ என்றும் ஏறக்குறைய இதே பயத்துக்குப் பெயர்கள் இருக்கின்றன.

பயத்தின் வேர் பழையது. உண்ட உணவு ரசமாகி, ரத்தமாகி, தசை, கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை என்று படிப்படியாகச் சுண்டி, ஏழாவது தாதுவாகச் சுக்கிலம் ஆகிறது என்பது நம் பழைய வைத்தியக் கருத்து. நுண்ணோக்கி இல்லாத காலத்து அறிஞர்கள் உடலைப் புரிந்துகொள்ள எடுத்த பெரிய முயற்சி அது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதிலிருந்து ஊர்வழக்கில் ஒரு கணக்கு கிளம்பியது: நாற்பது துளி ரத்தம் ஒரு துளி மஜ்ஜை, நாற்பது துளி மஜ்ஜை ஒரு துளி விந்து. இந்தக் கணக்கை நம்பும் பையனுக்கு, தூக்கத்தில் நனைந்த லுங்கி ஒரு விபத்தில் ரத்தம் கொட்டியதைப் போலத் தெரியாமல் வேறெப்படித் தெரியும்?

1677இல் ஆன்டனி வான் லீவன்ஹூக் தன் நுண்ணோக்கியின் கீழ் நெளியும் விந்தணுக்களைப் பார்த்தார். அதன் பிறகு நாம் அறிந்த கணக்கு வேறு. ஒருமுறை வெளியேறும் விந்து பொதுவாக 2 முதல் 5 மில்லி லிட்டர். அதிகம் போனால் ஒரு தேக்கரண்டி. அதில் விந்தணுக்கள் வெறும் சில சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு விந்துப் பையில் சுரக்கும் நீர். மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியின் நீர். கொஞ்சம் பிரக்டோஸ் சர்க்கரை, சிட்ரிக் அமிலம், துத்தநாகம், புரதம். புரதத்தை எடை போட்டால் கால் கிராம்கூடத் தேறாது. ஒரு கோழி முட்டையில் இருப்பது 6 கிராம். ரத்த தான முகாமில் ஒரே மூச்சில் 350 மில்லி ரத்தம் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற அதே இளைஞன்தான் இந்த ஒரு தேக்கரண்டிக்கு உடைந்து போகிறான்.

ரத்தத்தையோ மஜ்ஜையையோ காய்ச்சி விந்தணு உண்டாவதில்லை. விரைகளில் உள்ள மூல செல்கள் பிரிந்து பிரிந்து அதை உண்டாக்குகின்றன. ஒரு விந்தணு முழுமையாக ஏறக்குறைய 70 நாட்கள் ஆகும். ஆனால் வேலை ஒருநாளும் நிற்பதில்லை. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. வெளியேறாதவற்றை உடம்பே சிதைத்து உறிஞ்சிக்கொள்கிறது. அவை எங்கும் சேமிப்பில் ஏறுவதில்லை. கிணறு இறைத்தால் ஊறும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தூக்கத்தில் தானாக வெளியேறுவதை ‘சொப்பன ஸ்கலிதம்’ என்று சமஸ்கிருதத்தில் சொன்னதும் நோய் மாதிரி ஒலிக்கிறது. பருவமடைந்த உடம்பின் வழக்கமான செயல் அது. பெண் குழந்தைக்கு முதல் மாதவிலக்கின்போது வீட்டில் யாராவது ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பையனிடம் யாரும் பேசுவதில்லை. அவன் அம்மாவுக்குத் தெரியாமல் போர்வையை அலசிப் போடுகிறான். அந்த மௌனம் விட்ட இடத்தில்தான் சுவரொட்டி பேசுகிறது. இந்தப் பயத்துக்குப் பெண்களிடமும் ஒரு தங்கை உண்டு: இயல்பான வெள்ளைப்படுதலால் எலும்பு உருகுகிறது என்ற பயம்.

சுய இன்பத்தால் கண் பார்வை போகாது, பிள்ளை பிறக்காமல் போகாது, உறுப்பு சிறுக்காது, நரம்பு தளராது. அமெரிக்காவில் ஆல்பிரட் கின்ஸி 1948இல் வெளியிட்ட ஆய்வில், பேட்டி கொடுத்த ஆண்களில் 92 சதவீதம் பேர் தங்களுக்கு அந்த அனுபவம் உண்டு என்றார்கள். வேலை, படிப்பு, உறவு எல்லாவற்றையும் விழுங்குகிற அளவுக்கு, நிறுத்த நினைத்தும் முடியாமல் போனால், அப்போது ஆலோசனை தேவை. அது மனம் சம்பந்தப்பட்ட கேள்வி. விந்துவின் அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்தப் பயத்தை நம் மண்ணின் தனிச்சொத்தாக நினைப்பவர்களுக்கு ஐரோப்பாவின் கதை தெரிந்திருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ‘ஒனானியா’ என்று ஒரு சிறு நூல் பெயரில்லாமல் வெளிவந்தது. சுய இன்பத்தால் வரும் கேடுகளை அடுக்கி மிரட்டிய அந்த நூல், அந்தக் கேடுகளுக்கான மருந்தையும் கூடவே விளம்பரம் செய்தது. நம் சுவரொட்டியின் கொள்ளுத்தாத்தா அதுதான். பிறகு லோசான் நகர மருத்துவர் டிஸ்ஸோ 1760இல் பிரெஞ்சில் எழுதிய புத்தகம் அந்தப் பயத்துக்கு மருத்துவ முத்திரை குத்தியது. ஓர் அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் ரத்தம் போவதற்குச் சமம் என்றார் அவர். அங்கேயும் அதே நாற்பது! 19ஆம் நூற்றாண்டில் மோன்பெலியே நகர மருத்துவர் லாலமான், ‘விந்தொழுக்கு’ நோய் என்று சொல்லி, இளைஞர்களின் சிறுநீர்ப் பாதையை வெள்ளி நைட்ரேட்டால் சுட்டார். 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு ‘நியூரஸ்தீனியா’ என்ற சொல்லைப் பரப்பினார். அதன் நேர்ப்பொருள் நரம்பின் பலவீனம். நம் சுவர்களில் இன்றும் ஒட்டியிருக்கும் ‘நரம்புத் தளர்ச்சி’ அதுவே. மேலை மருத்துவம் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. ஆனால் சர்க்கரை நோயாலும் பி12 வைட்டமின் குறைவாலும் நரம்பு உண்மையிலேயே பாதிக்கப்படும். அதைப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

சரி, பயம் மட்டுமே ஒருவனை இப்படிப் படுத்துமா? படுத்தும். ஆண்குறி விறைப்பது, மனம் இளகி அமைதியாக இருக்கும்போது இயங்கும் நரம்புகளின் வேலை. அவை தூண்டப்பட்டதும் ரத்தக் குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரந்து, குழாய் தளர்ந்து, ரத்தம் நிறைகிறது. உடலில் இந்த வாயு ஒரு செய்தியைப் போல வேலை செய்கிறது என்று கண்டறிந்ததற்குத்தான் 1998இல் மூன்று அறிவியலாளர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பயந்தால் நடப்பது இதற்கு நேர்மாறு. நாய் துரத்தும்போது பாயும் அட்ரினலின் அங்கேயும் பாய்ந்து குழாயைச் சுருக்கிவிடுகிறது. ‘நம்மால் முடியுமா, முடியாதா’ என்று முதலிரவில் தன்னையே வேவு பார்த்துக்கொண்டு படுத்திருப்பவனுக்கு உடம்பு ஒத்துழைக்காது. ஒருமுறை தவறியதும், வைத்தியர் சொன்னது பலித்துவிட்டது என்று தோன்றும். அடுத்த முறை பயம் இரட்டிப்பாகும். பக்கத்தில் இருக்கும் பெண்ணோ, தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வேறொரு வேதனையில் இருப்பாள். இருவரும் வாய் திறந்து பேசியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

பயம் இல்லாத நேரத்தில் அதே உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கனவு காணும் கட்டங்களில், இரவுக்கு 3 முதல் 5 முறை விறைப்பு ஏற்படுகிறது. விடிகாலையில் அப்படி எழுந்தால் குழாயும் நரம்பும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். 1980இல் சில மருத்துவர்கள் இதைச் சோதிக்க எளிய வழி சொன்னார்கள்: தூங்குவதற்கு முன் வரிசையாகச் சேர்ந்த தபால்தலைகளை ஆண்குறியைச் சுற்றி ஒட்டிவிட்டு, காலையில் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது.

தாது போகிறது என்பதற்கு ‘ஆதாரமாக’ இளைஞர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் சிறுநீர். சிறுநீர் வெண்மையாகக் கலங்கினால் அது பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு; சாப்பாட்டைப் பொறுத்தும் வரும். மலச்சிக்கலில் முக்கும்போது கசியும் வழுவழுப்பான நீர், புராஸ்டேட் சுரப்பு. மனம் கிளர்ந்தபோது நுனியில் வரும் ஒரு துளியும் உடம்பு இயல்பாகச் சுரப்பதே. எரிச்சல், சீழ், புண், ரத்தம் இருந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். அது பால்வினைத் தொற்றாக இருக்கலாம்; முறையான மருந்தில் சரியாகும். லேகியத்தால் சிகிச்சை தள்ளிப்போகுமே தவிர, நோய் தீராது.

லேகியத்தைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் பெற்ற, பதிவு செய்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். என் கோபம் அவர்கள் மேல் இல்லை. லாட்ஜ் அறையில் பெயர்ச்சீட்டு இல்லாமல் தரப்படும் டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய மூலிகை மருந்துகள் 70ஐச் சோதித்து 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற நச்சுகள் இருந்தன. ‘வீரிய’ மருந்துகளில், விறைப்புக் குறைவுக்குத் தரப்படும் சில்டெனாபில் மாத்திரையைச் சொல்லாமல் கலப்பதும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. உடலுறவுத் திறனைப் பெருக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. எழுபது ஆண்டுகள் கழித்தும் அந்தச் சுவர்கள் வெள்ளையடிக்கப்படவில்லை.

இப்போது சுவர் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பழைய ‘தாது’ பயமே, ‘விந்தைச் சேமித்தால் முகத்தில் ஒளி வரும், பரீட்சையில் வெல்லலாம்’ என்று ஒரு நிமிடக் காணொளியாக வருகிறது. நாள் எண்ணுகிறார்கள். தொண்ணூறாவது நாளில் தவறிய பையன் தன்னைக் குற்றவாளியாக நினைத்து ஒடுங்கிப் போகிறான்.

அந்த ஒடுக்கம்தான் உண்மையில் கவனிக்க வேண்டியது. அசதி, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, சாப்பாட்டில் வெறுப்பு, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம்: இவை மனச்சோர்வின் அறிகுறிகள். பல இளைஞர்களுக்கு முதலில் வருவது மனச்சோர்வு. தாது என்பது அவர்கள் அதற்குக் கண்டுபிடிக்கும் காரணம். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பொறுமையாக விளக்குவதுதான் முதல் மருந்து, பிறகு எண்ணங்களைச் சீர்படுத்தும் பேச்சுச் சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை. என் நண்பனுக்கு ஓர் அரசு மருத்துவர் காகிதத்தில் படம் வரைந்து கால் மணி நேரம் விளக்கினார். அவன் லேகிய டப்பாவை விடுதிக் குப்பைத்தொட்டியில் போட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இதைப் படிக்கும் தம்பி யாராவது அதே டப்பாவை ஒளித்து வைத்திருந்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்கும் அரசின் மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.