பங்களா நீச்சல் குளம்: மோட்டார் ரூமில் பதுங்கி இருக்கும் எமன்!

கிழக்கு கடற்கரை சாலையில் பஸ்சில் போகிறவர்களுக்கு நீலாங்கரை, அக்கரை, உத்தண்டி பங்களாக்களின் மதில் சுவர்தான் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் பல வீடுகளில் நீச்சல் குளம் இருக்கிறது. கண்ணாடி போல் நீலத் தண்ணீர்!

அது தானாக அப்படி இருப்பது இல்லை. தினமும் ஒருவர் பாடுபடுகிறார். யார் அவர்? பல இடங்களில் வாட்ச்மேன்தான். கேட்டை திறப்பதும் அவரே. குளத்துக்கு "மருந்து" போடுவதும் அவரே.

"குடத்து தண்ணிக்கே நாம லாரி பின்னால ஓடுறோம். குளத்தை பத்தி நமக்கு என்ன?" என்று கேட்பீர்கள். அந்த வாட்ச்மேன் உங்கள் மச்சானாக இருக்கலாம். அதனால் படியுங்கள்.

30 அடி நீளம், 15 அடி அகலம், 5 அடி ஆழம் உள்ள குளத்தில் சுமார் 64 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். 12 ஆயிரம் லிட்டர் லாரி ஐந்து வந்தாலும் போதாது! சென்னை ஏரிகள் வறண்டு கிடந்த 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். அதனால் தண்ணீரை மாற்றுவது இல்லை. மோட்டார் அதை இழுத்து, மணல் பில்டரில் வடிகட்டி, திரும்ப குளத்திலேயே விடுகிறது. பில்டரில் அழுக்கு சேர்ந்தால் கேஜ் முள் ஏறும். அப்போது தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டு மணலை கழுவ வேண்டும். மோட்டாரை நிறுத்தாமல் வால்வை திருப்பினால் வால்வு போச்சு.

கிருமியை கொல்ல குளோரின். பகல் வெயில் அதை தின்று விடும். ஆகவே பொழுது சாய்ந்த பிறகுதான் போடுவார்கள். தண்ணீரில் காரம் ஏறி பி.எச். அளவு 7.8-ஐ தாண்டினால் குளோரினின் வேகம் குறையும். அதை இறக்க ஆசிட்.

மஞ்சள் புகை

இங்கேதான் எமன் நிற்கிறான். ப்ளீச்சிங் பவுடர் கலக்கிய அதே வாளியில் ஆசிட்டை ஊற்றினால் குபீர் என்று புகை கிளம்பும். குளோரின் வாயு! 1915-ல் முதல் உலகப் போரில் ஜெர்மனி ராணுவம் விஷப் புகையாக திறந்து விட்டது இதைத்தான்.

இது காற்றை விட கனம். பள்ளத்தில் தங்கும். பல பங்களாக்களில் மோட்டார் ரூம் எங்கே இருக்கிறது? தரைக்கு கீழே, நாலு படி இறங்கி! உள்ளே விழுந்தவரை தூக்க, மூக்கில் துண்டை கட்டிக்கொண்டு இறங்கினால் இவரும் விழுவார். துண்டு குளோரினை தடுக்காது.

தொழில் தெரிந்தவர்கள் ஆசிட்டுக்கு ஒரு வாளி, குளோரினுக்கு ஒரு வாளி வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே அறையில் வைக்க மாட்டார்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்றுவார்கள். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

புகை கிளம்பினால் போட்டது போட்டபடி மேட்டுப்பக்கம் ஓட வேண்டும். 108-ஐ கூப்பிட வேண்டும். "இருமல் நின்னு போச்சு" என்று வீட்டுக்கு போய் படுக்கக் கூடாது. சில மணி நேரம் கழித்துக் கூட நுரையீரலில் நீர் கோர்த்துக் கொள்ளும்.

மழை வந்தால்

ஐப்பசி மழை பிடித்ததும் "யார் குளிக்கப் போறாங்க?" என்று மோட்டாரை நிறுத்தி விடுகிறார்கள். தண்ணீர் பச்சை ஆகிறது. ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகி விடும். பிறகு தெருவுக்கே கடி! அதை விட கொடுமை, அடித்தளம் தெரியாத தண்ணீரில் குழந்தை மூழ்கினால் கரையில் நிற்பவர் கண்ணுக்கே தெரியாது.

சரி, குளத்தை காலி செய்து விட்டால்? அதுவும் வம்பு. கடலோரத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும். காலி குளத்தை படகு போல தூக்கும். தளம் பிளந்து டைல்ஸ் பெயர்ந்து விடும். ஆகவே குளிக்க ஆள் இல்லாவிட்டாலும் தண்ணீரும் இருக்க வேண்டும், மோட்டாரும் தினம் ஓட வேண்டும்.

அந்த மோட்டாரை ஈரக்கையோடு போடுவதும் வாட்ச்மேன்தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் அந்த ரூமில் இருக்கிறதா? மச்சானை இன்று இரவே கேளுங்கள்.