உங்களுக்குத் தெரியுமா? அடமா, வயிற்றுவலியா?

● ஆட்டிசம் பற்றி 1943-இல் பால்டிமோர் மருத்துவர் லியோ கானர் எழுதிய முதல் கட்டுரையில் 11 குழந்தைகள் வருகிறார்கள். அவர்களில் சிலருக்குப் பிறந்ததிலிருந்தே சாப்பாட்டில் சிக்கல் இருந்ததை அவர் அப்போதே குறித்துவைத்தார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் உணவுச் சிக்கலுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு அதிகம் என்று 2013-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் சொல்கிறது. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று தாயைக் குற்றம் சொல்லும் உறவினர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

● மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பது, திடீரென்று தலையை இடித்துக்கொள்வது, நள்ளிரவில் எழுந்து அழுவது. இதெல்லாம் அடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை வலியை இப்படியும் காட்டும். மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி ஆகியவை ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நான்கு மடங்கு அதிகம் என்கிறது 2014-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு. டயட் சார்ட் வாங்குவதற்கு முன் குழந்தை நல மருத்துவரிடம் வயிற்றையும், பல் மருத்துவரிடம் வாயையும் காட்டிவிடுங்கள். சொத்தைப் பல் ஒன்று மாதக்கணக்கில் வீட்டையே உலுக்கிவிடும்.

● கோதுமையில் உள்ள குளூட்டனையும் பாலில் உள்ள கேசினையும் நிறுத்தினால் நடத்தை மாறும் என்று பல வீடுகளில் முயல்கிறார்கள். இவை சரியாகச் செரிக்காமல் அபின் போல மூளையில் வேலை செய்கின்றன என்ற ஊகத்திலிருந்து வந்த பழக்கம் இது. நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் 14 குழந்தைகளை இந்த உணவுமுறையில் வைத்து, இடையிடையே குளூட்டனும் கேசினும் கலந்த தின்பண்டங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த நாளில் எது என்று பெற்றோருக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. நடத்தை, தூக்கம், மலம் எதிலும் வேறுபாடு தெரியவில்லை என்று 2016-இல் முடிவு வெளியானது. சிறிய ஆய்வுதான், ஆனால் மிகக் கவனமாகச் செய்யப்பட்டது. சீலியாக் நோயோ பால் ஒவ்வாமையோ உள்ள குழந்தையின் கதை வேறு. அங்கே அந்த உணவை விலக்குவதே சிகிச்சை.

● மருத்துவர் சொல்லி, குளூட்டனை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் நம் சமையலறை பெரிய வரம். இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல் எதிலும் அது இல்லை. ரவை, சேமியா, பரோட்டா, பிஸ்கட் போனால் பெரும்பாலும் முடிந்தது. பலர் தவறவிடுவது பெருங்காயத்தை. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா இருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

பால்தான் கடினம். ஆட்டிசம் உள்ள சிறுவர்களில் பாலை நிறுத்தியவர்களின் எலும்பு மற்றவர்களைவிட மெலிந்திருந்ததை 2008-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலியும் கைகொடுக்கும். ஆனால் நாலே பண்டம் தின்னும் பிள்ளையிடம் கீரையைக் கொண்டுபோவது எவ்வளவு பாடு என்று அம்மாக்களுக்குத்தான் தெரியும். ஆகவே எதையும் நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் பேசுவது கட்டாயம்.

● கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி இன்றும் வருகிறது. பழம், காய் எதையும் தொடாத ஆட்டிசக் குழந்தைகள் நொண்டுவதும் ஈறில் ரத்தம் கசிவதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. காரணம் வைட்டமின் சி பற்றாக்குறை.

● 1990-களின் இறுதியில் செக்ரெட்டின் என்ற ஹார்மோன் ஊசி ஆட்டிசத்துக்கான அதிசய மருந்தாகப் பேசப்பட்டது. 1999-இல் சோதித்தபோது, மருந்து பெற்ற குழந்தைகளும் வெறும் உப்புநீர் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் முன்னேறினார்கள். முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த ஊசியில் ஆர்வம் குறையாமல் இருந்தார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்காக ஏங்கும் மனத்தை விற்பனையாளர்கள் நன்றாக அறிவார்கள்.

● உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று செய்யப்படும் கீலேஷனில், 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்றது. ஆட்டிசத்துக்காக இதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

● நடத்தைப் பயிற்சியில் மிக மலிவான கருவி 20 ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று. முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பிறகு நாம் என்ன செய்தோம் என்று மூன்று கட்டம் போட்டு எழுத வேண்டும். ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்: "மாலை 6.10. மிக்சி ஓடியது. காதைப் பொத்தினான், தங்கையைக் கடித்தான். டேப் கொடுத்தேன், அடங்கினான்." ஒரு வாரம் எழுதினாலே இரண்டு விஷயம் தெரிந்துவிடும். தொடக்கம் சத்தம். முடிவில் கிடைப்பது டேப். இனி மிக்சியைப் போடுவதற்கு முன் அதன் படத்தைக் காட்டி, அடுத்த அறைக்குப் போகச் சொல்லித்தரலாம். போனால் டேப், கடித்தால் இல்லை.

அதன்பிறகு முதல் சில நாட்கள் கடி அதிகமாகலாம். தெரபிஸ்டுகள் இதை எதிர்பார்ப்பார்கள், பெற்றோருக்குச் சொல்ல மறந்துவிடுவார்கள். அந்த நாட்களில் மனம் இளகி டேப்பைக் கொடுத்தால், பலமாகக் கடித்தால்தான் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்வான். வீட்டில் பாட்டி, தாத்தா, அப்பா எல்லோரும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும்.

● எரிச்சலுக்கும் ஆக்ரோஷத்துக்கும் தரப்படும் ரிஸ்பெரிடோனுக்கு அமெரிக்கா 2006-இல் அனுமதி அளித்தது. அது பசியைக் கூட்டும், எடை ஏறும். மாத்திரை தொடங்கிய பிறகு பிள்ளை ஓயாமல் சாப்பாடு கேட்டால் திட்டாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

● 2015-இல் 180 குழந்தைகளின் பெற்றோரை 24 வாரம் ஒப்பிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு ஆட்டிசம் பற்றிய தகவல் மட்டும். மற்றவர்களுக்கு நடத்தையைக் கையாளும் பயிற்சி. இரு பக்கமும் தொந்தரவு குறைந்தது, பயிற்சி பெற்ற வீடுகளில் கூடுதலாக. இன்னொரு ஆய்வில், கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் சிறப்பு மருத்துவர் அல்லாத களப்பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி தந்தார்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அம்மாவோடு சேர்ந்து பார்த்து, எங்கே பிள்ளை அவரிடம் எதையோ சொல்ல முயன்றான் என்று காட்டினார்கள். குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வது கூடியதை 2016-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பெரிய நகரத்துத் தெரபி மையத்துக்குப் போக வசதியில்லாத வீடுகளுக்கு இதைவிட நல்ல செய்தி நான் படித்ததில்லை.

● 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் இருந்தால், தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை பெறலாம். தெரபிச் செலவும் அதில் சேரும். அருகிலுள்ள சிறப்புப் பள்ளியில் விசாரியுங்கள்.