பத்து யூனிட்டுக்கு முந்நூறு ரூபாயா?



சேமிப்பு, கடன் தவணை, வட்டி என்று ஒவ்வொரு ரூபாயையும் குழு நோட்டில் எழுதுகிறோம். ஆனால் கரண்ட் பில்லை மட்டும் "வந்ததைக் கட்டுவோம், வேறென்ன செய்யறது?" என்று விட்டுவிடுகிறோம். தாம்பரம், முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல் பக்கம் பல வீடுகளில் போர் மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். அதனால் நமக்குத் தண்ணீர்ச் செலவும் கரண்ட் பில்லுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

பில் எப்படி ஏறுகிறது?

பில் படிப்படியாக ஏறும். மேல் படிக்குப் போகப் போக ஒரு யூனிட்டின் விலையும் கூடும். 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால்: முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு ரூ.2.25 வீதம் 225 ரூபாய். அடுத்த 200-க்கு ரூ.4.50 வீதம் 900 ரூபாய். கடைசி 100-க்கு ரூ.6 வீதம் 600 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய்.

அதே வீட்டில் 510 யூனிட் ஓடினால்? 500-ஐத் தாண்டிவிட்டால் ரூ.2.25 என்ற குறைந்த விலை கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாமே ரூ.4.50. அதாவது 1,350 ரூபாய். அடுத்த 100-க்கு 600. மேலே ஓடிய 10 யூனிட்டுக்கு ரூ.8 வீதம் 80. மொத்தம் 2,030 ரூபாய். பத்தே பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல்!

2024-ல் கட்டணம் மறுபடியும் ஏறியது. இன்றைய விலையை ஈ.பி. ஆபிஸில் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் பில் எகிறுகிறது என்று தெரிந்தால்தான் அதற்கு முன்னாலேயே நிறுத்த முடியும்.

எது அதிகம் தின்கிறது?

1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதை வைத்து நாமே கணக்குப் போடலாம்.

ஃபேன்: பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். தினமும் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 22 யூனிட்தான்.

பல்பு: 60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் 18 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 3 யூனிட்கூட ஆகாது.

மிக்சி: 500 வாட் மிக்சி தினமும் 10 நிமிடம் ஓடினால் 5 யூனிட். சத்தம்தான் பெரிசு, செலவு சின்னதுதான்.

மோட்டார்: ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். டேங்க் நிரம்பி வழிய தினமும் 10 நிமிடம் விட்டால் இரண்டு மாதத்தில் 7 யூனிட்டுக்கு மேல் வீண். தண்ணீரும் போச்சு, காசும் போச்சு. எவ்வளவு நேரத்தில் டேங்க் நிரம்புகிறது என்று ஒரு நாள் கடிகாரம் பார்த்து எழுதிவைத்தால் போதும்.

கடன் வாங்கி ஃபேன் மாற்றலாமா?

இது உங்கள் வீட்டைப் பொறுத்தது. பில் இலவச யூனிட்டுக்குள்ளேயே வருகிறதா? அப்படியென்றால் புது ஃபேன் வாங்கி ஒரு ரூபாயும் மிச்சமாகாது. அதற்காகக் குழுக் கடன் வேண்டாம். பல படி மேலே இருக்கிற வீட்டுக்குத்தான் லாபம்.

வாடகை வீட்டில் இருக்கும் சகோதரிகளின் நிலைமை வேறு. சில இடங்களில் ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வாங்குகிறார். அங்கே முதல் யூனிட்டிலிருந்தே காசு. ஆகவே மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் கைக்கு வரும். மாதா மாதம் சப்-மீட்டர் ரீடிங்கை நீங்களும் எழுதிவையுங்கள். கேள்வி கேட்கவாவது கையில் கணக்கு வேண்டும்.

தண்ணீரில் கை வையுங்கள்

ஒழுகும் குழாயின் கீழ் ராத்திரி ஒரு குடத்தை வையுங்கள். காலையில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தால், வாஷர் மாற்றும் செலவு பெரிசாகத் தெரியாது. அரிசி, காய் கழுவின தண்ணீர் செடிக்கு. ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர் வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ.

2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, சென்னையும் சுற்றுப்புறமும் தண்ணி லாரிக்குக் காத்துக்கிடந்ததை நாம் மறக்கவில்லை. 2003-லேயே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயமானது. தொட்டி பல வீட்டில் இருக்கிறது, ஆனால் மண் மூடிக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் மொட்டை மாடியைப் பெருக்கி, தொட்டி மண்ணை வாரிவிடுங்கள். அதற்குத் தேவை ஒரு மண்வெட்டியும் அரை நாளும்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கடைசி கரண்ட் பில்லைக் கொண்டு வாருங்கள். ரீடிங் எடுத்த தேதியிலிருந்து முப்பதாவது நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால், மீதி முப்பது நாள் கவனமாக இருங்கள். மீட்டர் பார்க்கத் தெரியாத சகோதரிக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொடுங்கள். பில்லில் மிச்சமாகும் காசை அந்த மாதமே சேமிப்பில் போடுங்கள். கையில் இருந்தால் அது கரைந்துவிடும்.